இன்னா செய்யாத் தற்காப்பு

தன்னைக் காத்துக்கொள்ளுதல் உயிர்களுக்கெல்லாம் இயல்பு. ஆமை தன் ஓட்டுக்குள் ஒடுங்குகிறது. முயல் ஓடி மறைகிறது. முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்து நிற்கிறது. மனிதக் குழந்தைக்கு இவ்வாறு பிறவியிலேயே அமைந்த காப்பு மிகக் குறைவு. பெரியோர் கற்பிக்கும் அறிவே அதற்குக் காப்பு. அவ்வறிவை நாம் எவ்வாறு கற்பித்து வருகிறோம் என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று.

நம் பிள்ளைகள் திருக்குறளில் ‘இன்னா செய்யாமை’ என்னும் அதிகாரத்தைப் படிக்கின்றனர். தமக்குத் தீங்கு இழைத்தவர்க்கும் தீங்கு இழைத்தலாகாது என்பது அதன் சாரம். அதே பிள்ளைகள் பாரதியாரின் பாப்பாப் பாட்டையும் பாடுகின்றனர். கொடுமை செய்வாரைக் கண்டு ஒடுங்காமல் எதிர்த்து நிற்குமாறு அப்பாட்டு குழந்தைக்குக் கூறுகிறது. இவ்விரண்டையும் மனப்பாடம் செய்த பிள்ளை, இடைவேளையில் தன் சட்டையைப் பிடித்து உலுக்கும் ஒருவன் முன் நிற்கும்போது எந்தப் பாடத்தைக் கைக்கொள்வது? வீட்டிலும் இதே நிலைதான். “வம்புக்குப் போகாதே, ஒதுங்கிப் போ” என்பாள் தாய். “அடி வாங்கிக்கொண்டு வந்தால் வீட்டிலும் அடி விழும், திருப்பிக் கொடு” என்பார் தந்தை. இரு சொல்லுக்கும் இடையில் பிள்ளை திகைத்து நிற்கிறது.

கூர்ந்து நோக்கின் இவ்விரு பாடங்களுக்கும் முரண் இல்லை. அஞ்சாமை உள்ளத்தைப் பற்றியது. இன்னா செய்யாமை செயலைப் பற்றியது. அஞ்சாத உள்ளமும் தீங்கு செய்யாத கையும் ஒருவரிடமே அமையக் கூடும். ஆனால் அவ்வாறு அமைவதற்குப் பயிற்சி வேண்டும். சொல்லால் மட்டும் அது வாராது. அப்பயிற்சி எத்தகையது என்பதையும், மலைத்தோட்டப் பள்ளிகளுக்கு அது ஏன் இன்றியமையாதது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

மலைத்தோட்டத்தின் நிலை

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் அமைந்துள்ளது கேமரன் மலை. 1885இல் இப்பகுதியை ஆய்ந்து சென்ற நில அளவையாளர் வில்லியம் கேமரன் பெயரே இதற்கு வழங்கலாயிற்று. 1929இல் ஜே. ஏ. ரசல் என்பார் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்து, சரிவுகளில் தேயிலை நட்டுக் கொழுந்து பறித்த உழைப்பாளர்களில் தமிழர் பங்கு பெரிது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்கும் கடமையை அன்றைய மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் முதலாளிமார் மீது சுமத்தியிருந்தது. தோட்டங்கள்தோறும் தமிழ்ப்பள்ளிகள் தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று கொழுந்து எடுக்கும் வேலையில் பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளரே ஈடுபட்டுள்ளனர். தமிழ்க் குடும்பங்கள் பல தோட்டத்தை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. எனினும் போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி ஆகிய தோட்டங்களின் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாகவும் விளங்குகின்றன.

இத்தகைய தோட்டப் பள்ளிகளில் மாணவர் தொகை சிறிது. பெரிய நகரப் பள்ளியில் இரு மாணவர் ஓயாது மோதிக்கொண்டால் ஒருவனை வேறு வகுப்புக்கு மாற்றிவிடலாம். சிறு பள்ளியில் ஓர் ஆண்டுக்கு ஒரே வகுப்பு. மாற்றுவதற்கு மற்றொரு வகுப்பு இல்லை. அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். ஒரே வண்டியில் வீடு திரும்புகின்றனர். லயத்து வீடுகளில் குடியிருப்பவராயின் மாலையிலும் ஒரே முற்றத்தில் நிற்கின்றனர். திருவிழாவில் ஒரே கோயிலில் கூடுகின்றனர். இவனுடைய தந்தையும் அவனுடைய தந்தையும் ஒரே இடத்தில் வேலை செய்பவராகவும் இருக்கலாம். பிள்ளைகளின் சண்டையில் ஒருவனுக்குப் பல் உடைந்தால் அது பல்லோடு போவதில்லை. இரு குடும்பங்களின் பேச்சுவார்த்தையே முறிந்துவிடுகிறது.

நிலத்தின் அமைப்பும் எண்ணத்தக்கது. தானா ராத்தா கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. தேயிலைக் காடுகளெல்லாம் செங்குத்தான சரிவுகள். மழை மிகுந்த ஊராதலின் படிகளும் பாதைகளும் ஈரம் உலராமல் வழுக்கும். சமவெளித் திடலில் ஒருவனைப் பிடித்துத் தள்ளினால் முழங்கால் சிராய்க்கும். மலைப்பாதையின் ஓரத்தில் தள்ளினால் அவன் எங்கே போய் விழுவான் என்று சொல்ல இயலாது. ஆகவே, “அவன் தள்ளினால் நீயும் தள்ளு” என்னும் அறிவுரை யாண்டும் தவறெனினும், மலையில் பெருந்தவறாகும்.

பகடிவதை என்பது யாது?

பிள்ளைகளின் பூசல் எல்லாம் ஒரே வகையன்று. பந்துக்காகவோ பென்சிலுக்காகவோ இருவர் சமமாக நின்று சண்டையிட்டு, மறுநாள் கைகோத்துத் திரிவது ஒரு வகை. வலியவன் ஒருவன், அல்லது சிலர் கூடி, மெலிந்த ஒருவனைத் திரும்பத் திரும்பத் துன்புறுத்துவது மற்றொரு வகை. பின்னதையே இன்று மலேசியத் தமிழர் ‘பகடிவதை’ என்கின்றனர். பகடி என்பது விளையாட்டுக் கேலி. வதை என்பது துன்புறுத்தல். விளையாட்டென்று சொல்லிக்கொண்டே வதைப்பதை இச்சொல் நன்கு உணர்த்துகிறது.

இத்துறையில் முதன்முதலாக முறையான ஆராய்ச்சி நிகழ்த்தியவர் டான் ஒல்வேயஸ் (1931–2020). சுவீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய உளநூல் அறிஞர் அவர். தீங்கு செய்யும் நோக்கம், திரும்பத் திரும்ப நிகழ்தல், இருவர்க்கும் இடையே வலிமையில் ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது பகடிவதை என்று அவர் வரையறுத்தார். 1982இல் நார்வேயில் சிறுவர் மூவர் தற்கொலை செய்துகொண்டனர். சக மாணவரின் கொடுமையே காரணம் என்று கருதப்பட்டது. அதனையடுத்து 1983இல் அந்நாட்டரசு நாடு தழுவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. பெர்கன் நகரப் பகுதியில் 42 பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 2,500 மாணவரிடையே ஒல்வேயஸ் வகுத்த முறை நடைபெற்றது. இரண்டாண்டுகளில் பகடிவதை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாக அவர் கண்டார். இடைவேளையில் பெரியவர் கண்காணிப்பு, வகுப்பில் தெளிவான விதி, குற்றம் செய்த பிள்ளையோடும் அவன் பெற்றோரோடும் நேரிற் பேச்சு ஆகியவை அம்முறையின் உயிர்நாடிகள்.

மேற்கூறிய மூன்றில், வலிமையின் ஏற்றத்தாழ்வு நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது. சமமானவர் இருவர் பூசலிட்டால் சமாதானம் செய்து வைக்கலாம். ஏற்றத்தாழ்வு உள்ள இடத்தில், “இருவரும் கைகொடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி முடித்துவிட்டால் மெலிந்தவனுக்கு நீதி கிடைத்ததாகாது. “நீயே பார்த்துக்கொள்” என்பதும் அவ்வாறே.

திருப்பி அடித்தல் பயன் தருமா?

“ஒரு முறை திருப்பி அடித்தால் அவன் அடங்கிவிடுவான்” என்பது பலர் கொண்டுள்ள நம்பிக்கை. சிற்சில வேளைகளில் அவ்வாறு நிகழ்ந்திருக்கலாம். ஆயினும் ஆராய்ச்சிகள் காட்டுவது வேறு. அமெரிக்க அறிஞர்களான கோச்சென்டர்ஃபரும் லாடும் மழலைப் பள்ளிச் சிறுவரிடையே ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட முடிவின்படி, திருப்பி அடித்த சிறுவர்மீது கொடுமை தொடர்ந்தது. நண்பன் ஒருவனைத் துணைக்குக் கொண்ட சிறுவர்மீது குறைந்தது. காரணம் அறிதற்கு அரியதன்று. வலியவன் விரும்புவது எதிரியின் சீற்றத்தை. அதைக் கண்டு பிறர் ஆரவாரிப்பதை. திருப்பி அடிப்பவன் அவன் விரும்பியதையே தருகிறான். மேலும், ஆசிரியர் வந்து பார்க்கும் வேளையில் கை ஓங்கி நிற்பவன் இரண்டாவதாக அடித்தவனே. முதலில் அடித்தவன் அதற்குள் அப்பாவி முகம் கொண்டுவிடுவான்.

அப்படியாயின் பிள்ளைகளுக்குத் தற்காப்புக் கலையே கற்பிக்கலாகாதோ எனின், அதுவும் அன்று. எதைக் கற்பிக்கிறோம், எவ்வாறு கற்பிக்கிறோம் என்பதைப் பொறுத்தே பயனும் கேடும் விளைகின்றன. 1986இல் டிரல்சன் என்பார் அமெரிக்காவில் ஒரு சோதனை நிகழ்த்தினார். குற்றப்போக்குடைய விடலைப் பருவத்தினரை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குக் கொரிய நாட்டுத் தெக்குவாண்டோ கலையை அதன் மரபுவழி ஒழுக்க நெறியோடும் தியானத்தோடும் கற்பித்தார். மற்றொரு குழுவுக்குச் சண்டைத் திறத்தை மட்டும் கற்பித்தார். மூன்றாம் குழு ஓட்டமும் கூடைப்பந்தும் பயின்றது. ஆறு மாதத்தில் முதற்குழுவினரிடம் முரட்டுத்தனம் குறைந்தது. இரண்டாம் குழுவினரிடமோ அது கூடிற்று. நார்வேயில் ஒல்வேயசும் எண்டிரசனும் 2005இல் வெளியிட்ட ஆராய்ச்சியும், குத்துச்சண்டை, மற்போர், கீழைநாட்டுச் சண்டைக் கலைகள், பளு தூக்குதல் போன்றவற்றில் ஈடுபட்ட சிறுவரிடையே முரட்டு நடத்தை மிகுந்ததாகவே காட்டியது. கலையிலிருந்து நெறியைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது அடிதடி என்பதே இவற்றால் நாம் கொள்ளும் பாடம்.

சிலம்பம் காட்டும் நெறி

நெறியோடு கூடிய கலையை நாம் அயல்நாட்டில் தேட வேண்டுவதில்லை. தமிழர் கடல் கடந்தபோது உடன் கொண்டுவந்தவற்றுள் சிலம்பமும் ஒன்று. மலாயாவின் தோட்டங்களில் திருவிழாக் காலங்களில் சிலம்பம் ஆடுதல் வழக்கமாயிருந்தது. இன்றும் மலேசியாவில் சங்கங்கள் வாயிலாக ஆடவரும் பெண்டிரும் இதனைப் பயில்கின்றனர்.

சிலம்பம் என்றவுடன் சுழலும் கம்பே நம் கண்முன் நிற்கிறது. ஆனால் முறையறிந்த வாத்தியார் புதிய மாணவன் கையில் உடனே கம்பைக் கொடுப்பதில்லை. முதலில் கற்பிப்பது காலடி. முன்வைத்தல், பின்வாங்கல், பக்கம் பெயர்தல், திரும்புதல் என்று கால் எடுத்து வைக்கும் முறைகள் பல. கால் பழகிய பிறகே நெற்றி உயர மூங்கிற் கம்பு கைக்கு வரும். ஏன் இந்த முறை? அடி விழும் இடத்தில் நில்லாமையே முதற் காப்பு என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். தடுப்பதும் அடிப்பதும் அதன் பின்னரே.

சிலம்பத்தில் ‘தொடுமுறை’ என்று ஒரு போட்டி உண்டு. கம்பின் நுனியில் சாம்பலையோ வண்ணத்தையோ தோய்த்துக்கொண்டு ஆடுவர். எதிரியின் உடலில் யார் எத்தனை குறி இட்டனர் என்று எண்ணி வெற்றியை முடிவு செய்வர். வென்றவன் தொட்டவன், எலும்பை முறித்தவன் அல்லன். ஓங்கி வரும் கம்பைத் தொடுமளவில் நிறுத்துவதற்கு, அடிப்பதற்கு வேண்டிய திறமையினும் மிகுந்த திறமை வேண்டும். தீங்கு செய்யாமை வலியின்மையால் வருவதன்று, கட்டுப்பாட்டால் வருவது என்பதை ஒரு பிள்ளைக்கு விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

அண்டை வீட்டாராகிய மலாய் மக்களின் சிலாட் கலையிலும் காலடிக்குச் சிறப்பிடம் உண்டு. ‘லங்கா’ என்பர் அதனை. 2019இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு மலேசியாவின் சிலாட்டை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. கேமரன் மலையில் தமிழ்ப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் ஒரே தெருவில் விளையாடுகின்றனர். அடி எடுத்து வைக்கும் பாடத்தை இருவரும் தத்தம் மரபிலிருந்தே பெறலாம்.

கற்பிக்க வேண்டியவை

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐந்து பயிற்சிகள் போதுமானவை.

முதலாவது, நிற்கும் முறையும் குரலும். முரடன் அணுகும்போது ஒரு கை நீளத்திற்கு மேல் இடைவெளி விட்டு, ஒரு காலைச் சற்றே பின்வைத்து, திறந்த இரு கைகளையும் மார்புக்கு நேரே உயர்த்தி நிற்க வேண்டும். முட்டி பிடித்த கை சண்டைக்கு அழைக்கும்; விரித்த கை வேண்டாம் என்று சொல்லும்; எதிர்பாராமல் அடி வந்தால் முகத்தையும் அதுவே காக்கும். “நிறுத்து! என்னைத் தொடாதே!” என்று வயிற்றிலிருந்து எழும் குரலில் கூற வேண்டும். வசைச்சொல் கூடாது. இது கத்தலும் அன்று, கெஞ்சலும் அன்று. கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு இதுவே மிகக் கடினமான பயிற்சி. வகுப்பினர் அனைவரும் ஒருங்கே கூறிப் பழகினால் கூச்சம் தெளியும்.

இரண்டாவது, விலகும் அடி. ஒருவன் நேரே தள்ள வரும்போது நேரே பின்வாங்கினால் அவன் விசை நம்மைத் தொடர்ந்து வந்து சாய்த்துவிடும். மூலைவாட்டமாக ஓரடி விலகினால் அவ்விசை நம்மைக் கடந்து போய்விடும். படியிலோ சரிவிலோ நிற்க நேர்ந்தால் மேட்டுப் பக்கமாக விலக வேண்டும்; பள்ளத்தின் ஓரத்தை முதுகுக்குப் பின் வைத்துக்கொள்ளலாகாது. தள்ள வந்தவனையும் பள்ளத்தின் பக்கம் போகவிடாத இடத்தில் நிற்பதே சிறந்த காலடி. மலைப்பிள்ளைகள் இதனைத் தனியே பழக வேண்டும்.

மூன்றாவது, பிடி விடுத்தல். மணிக்கட்டைப் பற்றிய கையில் நான்கு விரல்கள் ஒருபுறம், பெருவிரல் மறுபுறம். இரண்டும் கூடும் இடமே அப்பிடியின் தளர்ந்த இடம். வெறுமனே பின்னோக்கி இழுத்தால் நான்கு விரல்களின் வலிமையோடு போராட வேண்டியிருக்கும். மணிக்கட்டின் ஒடுங்கிய பக்கத்தை அவன் பெருவிரலுக்கு நேராகத் திருப்பி, முழங்கையை மடக்கி, தன் தோளை நோக்கி விரைந்து கொண்டுவந்தால் எட்டு வயதுப் பிள்ளையும் தன்னினும் பெரியவன் பிடியிலிருந்து விடுபடக் கூடும். பிடித்தவனுக்கோ சிறு வலியும் இல்லை. புத்தகப்பையைப் பற்றி இழுத்தால் பையை விட்டுவிட வேண்டும். பையை மீட்டுத் தர ஆசிரியர் இருக்கிறார்.

நான்காவது, விழும் முறை. தள்ளப்பட்டவன் காயம் அடைவது பெரும்பாலும் தரையில் மோதும்போதுதான். மோவாயை மார்போடு ஒட்டித் தலையைக் காத்தல், விறைத்த கையை ஊன்றாமை, உடலை உருட்டி விழுதல் ஆகியவற்றைப் புல்தரையிலோ பாயிலோ பழக்க வேண்டும். குந்திய நிலையிலிருந்து தொடங்கிப் பையப் பைய நிற்கும் நிலைக்கு வர வேண்டும். ஈர மலைப்பாதையில் தானாகவே வழுக்கி விழும் பிள்ளைக்கும் இது உதவும்.

ஐந்தாவது, விலகிச் சென்று சொல்லுதல். விடுபட்டவுடன் நின்று வாதிடாமல், பெரியவர் இருக்கும் இடத்திற்குச் செல்ல வேண்டும். கோள் சொல்லுதல் வேறு, உதவி கேட்டல் வேறு என்பதை ஆசிரியர் தெளிவுறுத்த வேண்டும். ஒருவனை மாட்டிவிடச் சொல்வது கோள். ஒருவனை, அல்லது தன்னை, காக்கச் சொல்வது உதவி கேட்டல். இந்த வேறுபாடு விளங்காத வகுப்பில் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. எதிரிகள் பலராயினும், ஒருவன் கையில் கல்லோ கம்போ இருந்தாலும், மற்ற நான்கையும் விடுத்து ஓடுவதொன்றே செய்யத்தக்கது. அந்த ஓட்டத்தைக் கோழைத்தனம் என்று எள்ளும் பெரியவர் பிள்ளைக்குப் பெருந்தீங்கு செய்கிறார்.

கற்பிக்கக் கூடாதவை

முகம், கண், தொண்டை ஆகியவற்றில் அடித்தல், கழுத்தை நெரித்தல், மூட்டுகளை முறுக்குதல், தூக்கி எறிதல், வர்ம இடங்களைத் தொடுதல் ஆகியவற்றைச் சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாகாது. வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் குருத்தெலும்புத் தட்டுகள் உள்ளன. எலும்பு நீள்வது அவற்றால்தான். மூட்டைத் திருகும்போது அவை பழுதுற்றால் அவ்வெலும்பின் வளர்ச்சியே கெடலாம். கழுத்தை அழுத்தினால் சில நொடிகளிலேயே நினைவு தப்பும். விளையாட்டாகச் செய்தது உயிருக்கே உலையாய் முடியும்.

இங்கே ஜப்பான் நாட்டின் வரலாறு நமக்கு எச்சரிக்கை. கானோ ஜிகோரோ 1882இல் ஜூடோவை நிறுவியபோது, பழைய போர்முறைகளிலிருந்த கொடிய பிடிகளை நீக்கி, விழும் முறைக்கு முதன்மை தந்தார். ஜூடோ என்பதற்கு மென்மை வழி என்பதே பொருள். ஆயினும் அம்மென்மை வழியைப் பள்ளிகளில் கவனமின்றிப் பயிற்றியதால், 1983 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் 100க்கு மேற்பட்ட மாணவர் அங்கே உயிரிழந்தனர்; அவர்களுட் பலர் இறந்தது தலையில் ஏற்பட்ட காயத்தால். 2012இல் நடுநிலைப் பள்ளிகளில் போர்க்கலை கட்டாயப் பாடமானபோது இச்செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. பெற்றோரும் அறிஞரும் வலியுறுத்தியபின் தலையைக் காக்கும் விதிகள் இறுக்கப்பட்டன. பெயரில் மென்மை இருந்தால் போதாது. கற்பிக்கும் முறையிலும் இருத்தல் வேண்டும்.

சட்டம் வரையும் எல்லை

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 96ஆம் பிரிவு, தற்காப்புரிமையைக் கொண்டு செய்யப்படும் செயல் குற்றமாகாது என்கிறது. 99ஆம் பிரிவு அவ்வுரிமைக்கு எல்லை வகுக்கிறது. காத்துக்கொள்வதற்கு வேண்டிய அளவினும் மிகுதியாகத் தீங்கு செய்ய அவ்வுரிமை இடந்தராது. அதிகாரிகளின் பாதுகாப்பை நாடுவதற்கு நேரம் இருக்கும்போதும் இடந்தராது. பிடியிலிருந்து விடுபடுதல் தற்காப்பு. விடுபட்டபின் துரத்திச் சென்று அடித்தல் தற்காப்பன்று. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் செயலை 82ஆம் பிரிவு குற்றமாகக் கொள்வதில்லை என்றாலும், எல்லையைப் பிள்ளைப் பருவத்திலேயே உணர்த்துதல் நம் கடமை. 2025இல் இச்சட்டத்தில் பகடிவதைக்கெனத் தனிப் பிரிவுகளும் சேர்க்கப்பட்டன. பிள்ளைகளின் விளையாட்டு என்று தள்ளிவிடும் காலம் கடந்துவிட்டது.

உடன் நிற்போரும் ஆசிரியரும்

கனடா நாட்டு அறிஞர்களான ஹாக்கின்ஸ், பெப்ளர், கிரேக் ஆகியோர் பள்ளித் திடல்களில் நிகழ்ந்த பகடிவதைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து, 2001இல் முடிவை வெளியிட்டனர். பத்தில் ஏறக்குறைய ஒன்பது நிகழ்ச்சிகளில் வேறு பிள்ளைகள் உடன் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். இடையிட்டுத் தடுத்தவரோ ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிகழ்ச்சிகளிலேயே காணப்பட்டனர். ஆனால் யாரேனும் தடுத்தபோது, பாதிக்கு மேற்பட்ட முறை, பத்து நொடிக்குள் கொடுமை நின்றது. சிறு தோட்டப் பள்ளிக்கு இது நற்செய்தி. அங்கே ஒருவரையொருவர் அறியாதவர் இல்லை. துன்புறும் பிள்ளையின் பக்கத்தில் இருவர் சென்று நின்று, “வாடா, வகுப்புக்குப் போகலாம்” என்று அழைத்துக்கொண்டு வந்துவிட்டால் போதும். முரடனோடு ஒரு சொல்லும் பேச வேண்டுவதில்லை. இதையும் வகுப்பில் நடித்துப் பழக்கலாம்.

இப்பயிற்சியை மெலிந்த பிள்ளைகளுக்கு மட்டும் தனியே தருதல் நன்றன்று. அவர்களைப் பிரித்து நிறுத்தினால் அதுவே புதிய கேலிக்கு இடமாகும். முரட்டுப் பிள்ளையும் அதே வரிசையில் நிற்க வேண்டும். பிடிப்பவனாக ஒரு முறையும், விடுபடுபவனாக ஒரு முறையும் மாறி மாறிப் பழகும்போது, பிடிபட்டவன் நிலை எத்தகையது என்பதைத் தன் மணிக்கட்டிலேயே அவன் உணர்கிறான். பயிற்சியின்போது ஒருவன் “போதும்” என்றால் மற்றவன் அக்கணமே விட்டுவிட வேண்டும் என்பது மீறக்கூடாத விதி. அச்சொல்லுக்குக் கட்டுப்படப் பழகிய கை, பயிற்சிக்கு வெளியிலும் சற்றே தயங்கும்.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. பிள்ளைக்குத் தற்காப்புக் கற்பித்துவிட்டோம் என்று பெரியவர் கடமையிலிருந்து விலகிக்கொள்ள முடியாது. மெலிந்தவனைக் காக்கும் பொறுப்பு மெலிந்தவன் மீதே சுமத்தப்படுமானால் அது கல்வியாகாது. காலடியும் பிடி விடுத்தலும் ஆசிரியர் வந்து சேரும்வரை உள்ள ஓரிரு நிமிடத்திற்கான காப்பு மட்டுமே. அதன்பின் விசாரிப்பதும், இரு வீட்டாரையும் தனித்தனியே அழைத்துப் பேசுவதும், வாரங்கள் கடந்தும் கவனித்து வருவதும் பெரியோர் செயல்கள். முரட்டுப் பிள்ளையின் வீட்டில் என்ன துயரம் உள்ளதோ என்று வினவுவதும் அவற்றுள் அடங்கும்.

இவற்றுக்குப் பெரும்பொருள் செலவில்லை. விழும் பயிற்சிக்குத் தக்க இடமும் பயிற்சி பெற்றவரும் கிடைக்கும்வரை அதனை நிறுத்தி வைக்கலாம். மற்றவற்றை அடுத்த உடற்கல்வி வேளையிலேயே தொடங்கலாம். தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு நேர்கோடும், அதன் இருமருங்கும் மூலைவாட்டமாக இரு கோடுகளும் வரைந்து, பிள்ளைகளை இருவர் இருவராக நிறுத்துக. ஒருவன் திறந்த கையோடு நேர்கோட்டில் மெல்ல நடந்து வரட்டும்; மற்றவன் பக்கக் கோட்டில் ஓரடி எடுத்து வைத்து விலகட்டும். பின்னர் இருவரும் இடம் மாறட்டும். பத்து நிமிடம் போதும். குறளும் பாப்பாப் பாட்டும் தமக்குள் சண்டையிடவில்லை என்பதைப் பிள்ளைகள் தம் கால்களால் அறிந்துகொள்வர்.